முற்றிய புற்றுநோய்: சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் நீங்களே பேச ஒரு வழிகாட்டி

என் அத்தை நிலக்கோட்டைப் பக்கம் பூக்கட்டிப் பிழைத்தவர். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்தபோதே கல்லீரலின் இரண்டு பக்கமும் பரவியிருந்தது. கீமோ தொடங்கி, இரண்டாவது முறை மருந்து ஏற்றிய மறுநாள் விடியற்காலை, ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த மல்லிகை மொட்டுகளை அள்ளியவர் கரண்ட் கம்பியைத் தொட்டவர்போல் கையை உதறினார். ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தின் வேலை அது. குளிர்ச்சி பட்டால் விரல் நுனியில் முள் குத்தும். மருந்து ஏற ஏற விரல்கள் மரத்துப்போய், அந்த மரப்பு மாதக்கணக்கில் நீடிக்கவும் கூடும்.

அத்தை இதை யாரிடமும் சொல்லவில்லை. ‘மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும், சொன்னால் டாக்டர் நிறுத்திவிடுவார்’ என்று நினைத்துக்கொண்டார். ஐந்தாவது முறை போகும் முன்புதான் அவர் கட்டிய சரத்தைப் பார்த்தேன். மொட்டுகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் நூலில் தொங்கின. மருத்துவரின் அறையில் அதை நானே சொல்லிவிட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா. ஏறத்தாழ இதே பலன் தரும் வேறு மருந்து இருக்கிறது. அதில் விரல் இப்படி மரக்காது. ஆனால் வயிற்றுப்போக்கு வரும், முடி கொட்டும்.”

அத்தை யோசிக்கவே இல்லை. “முடி போனால் போகட்டும் டாக்டர். விரல் போனால் நான் எதை வைத்துக் கட்டுவேன்?”

மருந்தைப் பற்றித் தெரிந்தவர் மருத்துவர், விரலைப் பற்றித் தெரிந்தவர் அத்தை. இருவரும் பேசிக்கொள்ள, ஐந்தாவது முறை வரை காத்திருக்காமல், ஐந்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும். நோய் பரவிவிட்டது என்று உங்களிடம் இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள் என்றால், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். குடும்பத்தார் படித்தாலும் நல்லது. ஆனால் நான் பேசுவது நோயாளியிடம்.

முதல் படி: எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை நீங்கள் சொல்லுங்கள்

நம் ஊரில் ரிப்போர்ட் முதலில் மகன் கைக்குப் போகிறது. “அம்மாவிடம் சொல்லாதீர்கள் டாக்டர், தாங்க மாட்டார்” என்று அவன் வாசலிலேயே கேட்டுக்கொள்கிறான். பாசத்தால்தான் அப்படிச் செய்கிறான், அதில் சந்தேகமில்லை. ஆனால் உடம்பு உங்களுடையது. எடை குறைவதும், ஸ்கேன் முடிந்ததும் எல்லோர் குரலும் தாழ்ந்துவிடுவதும் உங்களுக்குத் தெரியாமல் போகாது. வீட்டில் எல்லோரும் அறிந்த ஒன்றை எல்லோரும் மறைக்கும்போது, நீங்கள் பயத்தோடு தனியாக விடப்படுகிறீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. சிகிச்சைக்கான ஒப்புதல், முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் நோயாளியிடமிருந்தே வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மகனின் கையெழுத்து உங்கள் கையெழுத்துக்கு ஈடாகாது.

எல்லாம் தெரிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. சிலருக்கு எண்களும் மாதக்கணக்கும் வேண்டாம். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அதுவும் உங்கள் முடிவுதான். எப்படியானாலும் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “டாக்டர், என் நோயைப் பற்றி என்னிடமே நேராகச் சொல்லுங்கள், என் மகளும் கூட இருக்கட்டும்” என்று சொல்லலாம். “பெரிய விவரங்களை என் தம்பியிடம் சொல்லுங்கள், மருந்தைப் பற்றி மட்டும் என்னிடம் கேளுங்கள்” என்றும் சொல்லலாம். இந்த ஒரு வாக்கியத்தைப் பல மருத்துவர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். குடும்பத்தை மீறிப் பேச அவர்களுக்கும் தயக்கம் இருக்கிறது.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: மறைக்கும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். “அத்தை, டாக்டர் சொல்வதையெல்லாம் நீங்களே கேட்க விரும்புகிறீர்களா, நாங்கள் கேட்டுச் சொல்லட்டுமா?” நான் கேட்டபோது அத்தை சொன்ன பதில்: “எனக்கு வந்த வியாதியை எனக்குச் சொல்ல எதற்கடா இத்தனை ரகசியம்?”

இரண்டாவது படி: ஃபைல்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் செய்யாமல் விட்டால் நேரம் வீணாகும். சதைப் பரிசோதனை ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட்டும் படமும், ரத்தப் பரிசோதனைகள், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்குங்கள். நோயாளியோ உரிய பிரதிநிதியோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. மேலே ஒரு தாளில் இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் எழுதுங்கள். சித்த மருந்து, கஷாயம், யாரோ கொண்டுவந்து கொடுத்த பொடி எல்லாம் அதில் வர வேண்டும். திட்டுவார்களோ என்று அதை ஒளிக்க வேண்டாம். கீமோ நேரத்தில் கல்லீரல் பரிசோதனையில் ஏதாவது மாறினால், காரணம் எது என்று மருத்துவர் கண்டுபிடித்தாக வேண்டும்.

மூன்றாவது படி: சிகிச்சை எதற்காக என்று கேளுங்கள்

மற்ற எல்லாக் கேள்விகளையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: “இந்த சிகிச்சை நோயைக் குணப்படுத்துவதற்கா, கட்டுப்படுத்துவதற்கா, தொந்தரவைக் குறைப்பதற்கா?”

மூன்றும் வேறு வேறு. நம் பேச்சில் மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. “மருந்து கேட்கிறது” என்று மருத்துவர் சொன்னால், கட்டி சுருங்குகிறது என்று பொருள். வீட்டுக்கு வருவதற்குள் அது “சரியாகிவிடும்” என்று மாறிவிடும். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில், பரவிய நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்களுக்குக் கீமோ எடுத்துக்கொண்ட 1,193 பேரிடம் கேட்டு 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. கீமோ தங்கள் நோயைக் குணப்படுத்த வாய்ப்பே இல்லை என்பதைப் புரிந்துகொண்டதாகத் தெரியாதவர்கள், நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம், பெருங்குடல் நோயாளிகளில் 81 சதவீதம்.

அதே நேரம், நாலாம் நிலை, அதாவது வேறு உறுப்புக்குப் பரவிய நிலை, என்றாலே எல்லாம் முடிந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். விரைப்பைப் புற்றுநோய் பரவிய பிறகும் பலருக்குக் குணமாகிறது. சில ரத்த, நிணநீர்ப் புற்றுநோய்களும் அப்படித்தான். பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் போன கட்டிகள் ஒன்றிரண்டாக ஓரிடத்தில் இருந்தால் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்புண்டு. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய் எலும்புக்கு மட்டும் பரவியிருந்தால், மாத்திரையோடு பல ஆண்டுகள் வேலைக்குப் போய் வருபவர்கள் இருக்கிறார்கள். நுரையீரல் புற்றுநோயில் சில மரபணு மாற்றங்கள் இருந்தால் கீமோவுக்குப் பதில் மாத்திரையே முதல் சிகிச்சை. அதனால் இரண்டாவது கேள்வி: “எனக்கு எந்த மருந்து பொருந்தும் என்று பார்க்க, சதையில் இன்னும் ஏதாவது பரிசோதனை பாக்கி இருக்கிறதா?”

எவ்வளவு காலம் என்று கேட்க விரும்பினால் கேளுங்கள். ஆனால் ஒற்றை எண்ணாக வாங்காதீர்கள். “சராசரியாக ஓராண்டு” என்று சொன்னால், அதே நிலையில் இருப்பவர்களில் பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப்பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் என்று பொருள். கூடுமானவரை சரியாக இருக்கும் ஒரு கணக்கு உண்டு: பாதிப்பேருக்கு அந்தச் சராசரியின் பாதிக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் காலம் அமைகிறது. ஓராண்டு என்றால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. மீதிப்பேரில் சிலருக்கு அதைவிடக் குறைவு, சிலருக்கு அதைவிட அதிகம். ஆகவே, “நன்றாக அமைந்தால் எவ்வளவு, மோசமாக அமைந்தால் எவ்வளவு, பெரும்பாலும் எவ்வளவு?” என்று மூன்றாகக் கேளுங்கள். நிலப் பத்திரம், பேத்தியின் கல்யாணம், ஊருக்குப் போய் வருவது எல்லாவற்றையும் அந்த மூன்றையும் வைத்துத் திட்டமிடலாம்.

நான்காவது படி: உங்கள் நாளை எழுதுங்கள்

மருத்துவமனைக்குப் போகும் முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். எழுத வராவிட்டால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்கிறீர்கள், அதில் எதை விட்டுக்கொடுக்கவே முடியாது, எது போனாலும் பரவாயில்லை?

தையல்காரருக்கு விரல். கோயிலில் பாடுபவருக்குத் தொண்டை. ஆசிரியருக்கு நாலு மணி நேரம் நிற்கும் தெம்பு. சிலருக்கு மாதம் இரண்டு முறை அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய் வருவதே மருந்தைவிடப் பெரிய தண்டனை. சிலருக்கு மகள் சிங்கப்பூரிலிருந்து தை மாதம் வருகிறாள், அதுவரை எப்படியாவது இருக்க வேண்டும், அதற்காக எந்தத் தொந்தரவையும் தாங்கத் தயார். இன்னொருவர், “மூன்று மாதம் கூடக் கிடைக்கலாம் என்பதற்காக ஆறு மாதம் வாந்தி எடுக்க மாட்டேன்” என்பார். இதில் சரி தவறு கிடையாது. ஆனால் மருத்துவருக்கு ஸ்கேனில் இவை எதுவும் தெரியாது.

பயத்தையும் எழுதுங்கள். மூச்சுத் திணறலா, வலியா, பிள்ளைகளுக்குக் கடன் வைத்துவிட்டுப் போவதா? அத்தையின் நோட்டில் முதல் வரி: ‘படுக்கையில் இன்னொருத்தர் கழுவிவிடும்படி ஆகக் கூடாது.’ அதைப் படித்தபோதுதான், அவர் இத்தனை நாளும் கீமோவுக்குத் தலையாட்டியது எதற்காக என்று எங்களுக்குப் புரிந்தது.

ஐந்தாவது படி: ஒவ்வொரு வழியையும் நிறுத்துப் பாருங்கள்

“இந்த மருந்து போடலாம்” என்று சொன்னதும், “இது தவிர வேறு என்ன வழி இருக்கிறது?” என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு வழிக்கும் கேட்க வேண்டியவை:

- நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்குக் கட்டி சுருங்கும், எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்?
- எந்தத் தொந்தரவு எல்லோருக்கும் வரும், எது சிலருக்கு மட்டும், எது வந்தால் திரும்பப் போகாது?
- எத்தனை நாளைக்கு ஒருமுறை வர வேண்டும், தங்க வேண்டுமா?
- மொத்தம் எவ்வளவு செலவாகும், காப்பீட்டில் எவ்வளவு வரும்?
- பலன் இருக்கிறதா என்று எப்போது பார்ப்போம்? இல்லையென்றால் எப்போது நிறுத்துவோம்?

கடைசியாக ஒன்று, கேட்கவே நாக்கு கூசும் கேள்வி: “கீமோ எதுவும் போடாமல், வலிக்கும் தொந்தரவுக்கும் மட்டும் மருத்துவம் பார்த்தால் எப்படி இருக்கும்?” அதுவும் ஒரு வழிதான். அதைத் தேர்ந்தெடுக்காவிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொண்டால்தான் மற்ற வழிகளால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கிறது என்பது விளங்கும்.

பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழியுண்டு. ஆனால் எல்லா மருந்துக்கும் எல்லா மருத்துவமனையிலும் அது பொருந்தாது. மருத்துவமனையிலேயே காப்பீட்டுப் பிரிவு இருக்கும். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு அங்கே போய்க் கேளுங்கள். “எங்களால் இவ்வளவுதான் முடியும், இதற்குள் எது நல்லது?” என்று மருத்துவரிடம் சொல்வதில் மானக்குறைவு எதுவுமில்லை. வீட்டை அடகு வைத்த பிறகு சொல்வதைவிட இப்போதே சொல்வது நல்லது.

ஆறாவது படி: அந்தப் பத்து நிமிடம்

வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான். உட்கார்ந்ததும், “டாக்டர், இன்று மூன்று கேள்விகள் கொண்டு வந்திருக்கிறேன்” என்று நோட்டை மேசைமேல் வையுங்கள். கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்டால் பதில் அரைகுறையாகத்தான் வரும்.

உடன் ஒருவர் வரட்டும், இருவருக்கு மேல் வேண்டாம். பேசுவது நீங்கள், எழுதுவது அவர். மருத்துவரின் அனுமதி கேட்டு செல்போனில் பதிவு செய்துகொள்ளலாம். கெட்ட செய்தி காதில் விழுந்த பிறகு சொல்லப்படுவதில் பாதி மனதில் நிற்பதில்லை. மருத்துவர் உங்கள் மகனைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினால், தயங்காமல் இடைமறியுங்கள்: “எனக்கும் புரிகிறமாதிரி தமிழில் சொல்லுங்கள் டாக்டர்.” கடைசியில், கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். “அப்படியென்றால், இது குணமாக்காது, ஆனால் வளராமல் பிடித்துவைக்கப் பார்க்கும், மூன்று மாதம் கழித்து ஸ்கேன், சரியா?” தவறாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பழக்கத்தை விட வேண்டும். வீட்டில் பகலில் பாதிக்கு மேல் படுத்தே கிடப்பவர், மருத்துவமனைக்கு வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலைவாரி, “நன்றாக இருக்கிறேன் டாக்டர்” என்று நிமிர்ந்து உட்காருகிறார். மரியாதைக்காகவும், மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தாலும்தான். ஆனால் நீங்கள் பகலில் எவ்வளவு நேரம் எழுந்து நடமாடுகிறீர்கள் என்பதைப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை எண்ணாகக் குறித்து, அதையும் பார்த்துத்தான் மருந்தையும் அளவையும் முடிவு செய்கிறார்கள். தெம்பில்லாத உடம்பில் முழு அளவு மருந்து ஏறினால் நன்மையைவிடக் கெடுதல் அதிகமாகலாம். குளிக்க ஆள் வேண்டியிருந்தால் அதைச் சொல்லுங்கள். படி ஏற முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

குழப்பம் தீரவில்லை என்றால், “ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறேன், அதற்குள் ஏதாவது கெட்டுப்போகுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் கெடாது. அவசரமாகப் பார்க்க வேண்டியது என்றால் மருத்துவரே சொல்லிவிடுவார். வேறொரு புற்றுநோய் மருத்துவரிடம் ஃபைலைக் காட்டிக் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமை. “இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு வருகிறேன்” என்பதை நேராகச் சொல்லிவிட்டே போகலாம்.

ஏழாவது படி: வலிக்கு மருத்துவத்தை இப்போதே கேளுங்கள்

வலியையும் தொந்தரவையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றதும் ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்து நாங்களும் நான்கு மாதம் வீணாக்கினோம். அந்த நான்கு மாதமும் அத்தை இரவில் உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்தால் வலது விலா இடுக்கில் வலி. வலி நிபுணரைப் பார்த்த மூன்றாம் நாள், பாயில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார்.

இது கீமோவுக்கு எதிரானது இல்லை. அதோடு சேர்ந்தே நடக்க வேண்டியது. பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைந்தன. அப்படியும் அவர்களின் ஆயுள் குறையவில்லை, சராசரி 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றால் போதை, அல்லது சாவுக்கு முன் கொடுக்கும் மருந்து என்ற பயம் இன்னும் இருக்கிறது. வலிக்கு, மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்பவர்கள் அடிமையாவது அரிது. மார்ஃபினின் சாதாரண மாத்திரையை (மெதுவாகக் கரையும் வகை அல்ல) நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திருக்காமல் சாப்பிட வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் அதே சீட்டில் எழுதி வாங்குங்கள். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் மார்ஃபினை வைத்திருப்பது எளிதாகியிருக்கிறது. எழுந்து போக முடியாத நிலை வந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

எட்டாவது படி: ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் மறுபடி பேசுங்கள்

ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டால் கடைசிவரை அதிலேயே போக வேண்டியதில்லை. ஸ்கேன் வரும் நாள், நோட்டைத் திறக்கும் நாள். போன முறை எழுதியதில் எது மாறியிருக்கிறது? அப்போது வேண்டாம் என்றது இப்போது வேண்டுமா? அத்தை மாற்றிய மருந்தில் ஒன்பது மாதம் நன்றாக இருந்தார். பிறகு கட்டி மறுபடி வளர்ந்தது. மூன்றாவதாக ஒரு மருந்தைச் சொன்னார்கள். இந்த முறை யாரும் அவருக்காகப் பேச வேண்டியிருக்கவில்லை. எத்தனை பேருக்குக் கேட்கும், எத்தனை முறை வர வேண்டும் என்று அவரே கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, “அது வேண்டாம். வலி மாத்திரை மட்டும் தாருங்கள், வீட்டில் இருக்கிறேன்” என்றார்.

சுயநினைவோடு பேச முடியாத நிலை வந்தால் யார் முடிவெடுப்பது, வென்டிலேட்டர் வேண்டுமா என்பதையெல்லாம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று இதை ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையையும் எளிதாக்கியது. 18 வயது நிறைந்த, தெளிவான மனநிலையில் இருக்கும் யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற வேண்டும். உங்கள் சார்பில் பேச வேண்டியவரின் பெயர் அதில் இருக்க வேண்டும். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம். ஒரு பிரதி ஃபைலில் இருக்கட்டும், இன்னொன்று நீங்கள் பெயர் எழுதியவரிடம். அவரிடம் தாளைக் கொடுத்தால் மட்டும் போதாது, உட்கார வைத்துப் பேசுங்கள். ஐ.சி.யூ. வாசலில் ஒன்பது உறவினர்கள் ஒன்பது விதமாகப் பேசும்போது, ‘அத்தை என்னிடம் இப்படித்தான் சொன்னார்’ என்று சொல்ல அவருக்குத் தைரியம் வேண்டும்.

எனக்கு அந்தத் தைரியத்தை அத்தையே கொடுத்துவிட்டுப் போனார். நோட்டின் கடைசிப் பக்கத்தில், தன் கையாலேயே, கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: ‘டாக்டர் கேட்டால் இவனிடம் கேட்கவும். இவனிடம் எல்லாம் சொல்லி இருக்கிறேன்.’